மலேரியாதான் இல்லையே, பிறகேன் இரத்தம் எடுக்க வருகிறார்கள்?

அந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஆபிரிக்காவில் வேலை செய்துவிட்டு வந்த ஒருவரின் இரத்தத்தைச் சோதிக்கப் போன, அரசின் மலேரியா தடை இயக்கத்து ஆட்களை வீட்டுக்காரர் படலையிலேயே மறித்து, "நாட்டிலதான் மலேரியா இல்லையே, பிறகு உங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியது. அதற்குச் சிரிப்புக்குறி போட்டவர்களில் இடம்பெயர்ந்த காலத்தில் என்னோடு ஒரே முகாமில் இருந்தவர்களும் உண்டு. இரண்டு நாளாக மனம் ஆறவில்லை.

இலங்கையில் இப்போது மலேரியா இல்லைதான். 2012 ஒக்டோபரோடு உள்ளூர்த் தொற்று நின்றது, 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. ஆனால் அது தானாகப் போகவில்லை. இப்படி வீடு வீடாக வந்து இரத்தம் எடுத்தவர்கள்தான் அதைப் போக்கினார்கள்.

1963இல் இலங்கை முழுக்க 17 பேருக்குத்தான் மலேரியா. முடிந்தது என்று நினைத்து மருந்தடிப்பதை நிறுத்தினார்கள், கண்காணிப்பைத் தளர்த்தினார்கள். 1969இல் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் காய்ச்சலில் கிடந்தார்கள். "இல்லையே, பிறகேன்" என்று அன்றைக்கும் ஆட்கள் கேட்டிருப்பார்கள்.

1995 யாழ்ப்பாண இடப்பெயர்வுக்குப் பிறகு வன்னியில் என் தம்பிக்கு மலேரியா, நாங்கள் சொல்லும் குலைப்பன் காய்ச்சல், வந்தது. அப்போது அவனுக்கு ஆறு வயது. அம்மா தன்னிடமிருந்த சேலை, சாக்கு எல்லாவற்றையும் போட்டு மூடி, அதற்கு மேல் என்னையும் படுக்க வைத்தா. என்னையும் சேர்த்துத் தூக்கிப் போட்டது அந்த நடுக்கம். சைக்கிளில் ஒரு அண்ணை வருவார், விரல் நுனியில் குத்தி கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு எடுத்துப் போவார். மழை, செல்லடி எதுவும் பார்க்க மாட்டார். அவர் கொண்டுவந்த கைப்புக் குளிசையில்தான் தம்பி எழும்பினான். அந்த அண்ணையின் பெயரைக் கூட நாங்கள் கேட்டு வைக்கவில்லை.

"டெங்குவை முதலில் ஒழிக்கட்டும்" என்கிறீர்கள். சரி, 2017இல் ஒரு இலட்சத்து எண்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு டெங்கு வந்த நாடுதான் இது, அந்தக் கோபம் எனக்கும் இருக்கிறது. அதற்காக மூடிய கதவை ஏன் திறந்துவிட வேண்டும்?

"காய்ச்சலே இல்லாத ஆளுக்கு என்ன சோதனை?" என்று கேட்டவர்களுக்கு: சிலவகை மலேரியாக் கிருமி ஈரலுக்குள் மாதக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கும். மலேரியாவைப் பரப்பும் எங்கள் நுளம்புகள் எங்கேயும் போய்விடவில்லை. முந்தி இல்லாத புது நுளம்பு வகை ஒன்றும் மன்னாரில் வந்து சேர்ந்திருக்கிறது, அது கிணற்றிலும் சீமெந்துத் தொட்டியிலும் பெருகும். எந்த வீட்டில் கிணறு இல்லை? 2018இல் வெளிநாட்டில் இருந்து வந்த ஒருவரின் கிருமி இங்குள்ள நுளம்பு வழியாக இன்னொருவருக்குத் தொற்றியது. மலேரியா தடை இயக்கத்து ஆட்கள் ஓடிப்போய்ப் பிடித்ததால் அது பரவவில்லை. பரவாததால் உங்களுக்குத் தெரியவில்லை. தெரியாததால் அவர்களுக்கு வேலை இல்லை என்கிறீர்கள்.

"அவர்கள் சம்பளத்துக்குத்தானே வருகிறார்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அவருக்கு நான் என்ன சொல்ல? தம்பிக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். அதுகளுக்குக் குலைப்பன் என்றால் என்னவென்றே தெரியாது.

அந்த வீட்டுக்காரர் இதைப் படித்தால் ஒன்று கேட்கிறேன். அவர்கள் திரும்பவும் வருவார்கள். படலையைத் திறந்து விடுங்கள், வெயிலில் வந்திருப்பார்கள், ஒரு தேத்தண்ணியும் கொடுங்கள்.