கிளையைக் காற்று பிரிக்கட்டும், நீங்கள் தூரிகை வைக்காதீர்கள்

ஃபிராக்டல் ஓவியம் என்றாலே கணினியில் எடுத்த வண்ணச் சுழியை அச்சடித்துச் சட்டம் போட்டு மாட்டுவது என்றாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கோடை மழை ஓய்ந்ததும் தருமபுரிப் பக்கம் ஒரு செம்மண் மேட்டைப் பாருங்கள். தண்ணீர் அறுத்த சிறு கோடு பெரிய கோட்டில் சேரும், அது இன்னும் பெரியதில் சேர்ந்து ஓடையில் இறங்கும். ஒரு துண்டைப் பெரிதாக்கினால் முழுசின் சாயல் தெரிகிற இந்த மாதிரி வடிவங்களுக்குத்தான் கணித அறிஞர் மாண்டல்பிராட் 1975இல் ஃபிராக்டல் என்று பெயர் வைத்தார். இதைக் கையாலேயே செய்யலாம்.

கிருஷ்ணகிரி கிரானைட் பட்டறைகளில் கழிக்கும் பாலிஷ் போட்ட கறுப்புத் துண்டு ஒன்று, 15 செ.மீ. சதுரம் போதும். சோப்பு போட்டுக் கழுவி உலர்த்துங்கள். ஒரு மணல் துகள் இருந்தாலும், கல்லுக்கும் மேலே வைக்கப்போகும் கண்ணாடிக்கும் நடுவே உள்ள இடைவெளி கோணிவிடும். நடுவில் அரை டீஸ்பூன் வெள்ளை அக்ரிலிக் பெயிண்ட். விளிம்பு தேய்த்த கண்ணாடியை மேலே வைத்து, பெயிண்ட் 10 செ.மீ. வட்டமாகும்வரை அழுத்துங்கள். பிறகு ஒரே சீராக, நேராக மேலே தூக்குங்கள். நடுவில் அடிமரம் தடித்து, ஓரத்தில் கிளைகள் மெலிந்து நிற்கும். ஒரு பக்கத்தை மட்டும் கதவுபோலத் திறந்தால், திறக்காத பக்கம் அடிமரம் வரும்.

அழுத்தும்போது விளிம்பு வழவழவென்று பரவுவதையும், பிரிக்கும்போது மட்டும் கிளை விடுவதையும் கவனியுங்கள். விஷயமே அங்கேதான். அழுத்துகையில் கெட்டியான பெயிண்ட் லேசான காற்றைத் தள்ளுகிறது, எங்காவது துருத்தினாலும் அடங்கிவிடும். பிரிக்கையில் காற்று பெயிண்டுக்குள் நுழைகிறது. கடுகளவு முந்திய இடம் மேலும் முந்தும், நுனி அகன்றதும் இரண்டாகப் பிளக்கும். இந்த நிலைகுலைவை 1958இல் திரவ ஓட்டத்தை ஆராய்ந்த சாஃப்மனும் டெய்லரும் கணக்குப் போட்டு விளக்கினார்கள்.

தண்ணீர் கூடினால் கிளை சரிந்து குழம்பும். பெயிண்ட் மிகக் கெட்டியானால் கட்டி கட்டியாகப் பிய்யும். வெயிலில் வைத்தால் ஓரம் முதலில் காய்ந்து காற்றை விடாது, ஆகவே நிழலில் செய்யுங்கள். காயும்வரை கல் மட்டமாக இருக்கட்டும். பாலிஷ் முகத்தில் பெயிண்ட் இறுக்கமாகப் பிடிக்காது, நகம் பட்டாலே உரியும். காய்ந்ததும் வார்னிஷ் அடித்துவிடுங்கள்.

சரியாக வந்ததா என்று அளக்கவும் வழி உண்டு. கட்டம் போட்ட ஓஎச்பி ஷீட்டை (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) மேலே வைத்து, பெயிண்ட் தொடும் கட்டங்களை எண்ணுங்கள். முதலில் 1 செ.மீ. கட்டம், பிறகு அரை செ.மீ. வெறும் கோடானால் எண்ணிக்கை 2 மடங்காகும், அப்பிய வட்டமானால் 4 மடங்கு. 3 மடங்கு வந்தால், கோட்டுக்கு 1, வட்டத்துக்கு 2 என்ற கணக்கில் பரிமாணம் சுமார் 1.58. கிளையின் தடிப்பைவிடக் கட்டம் சிறிதானால் கணக்கு 4ஐ நோக்கிப் போய்விடும். செம்மண் ஓடைக்கும் இதே எல்லை உண்டு.

பலர் கெடுப்பது கடைசியில்தான். ஒரு கிளை குட்டையாகத் தெரிகிறதென்று தூரிகையால் நீட்டுகிறார்கள். ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் இதே உத்தியின்மேல் வரைந்து காடுகளை உருவாக்கினார், அது வேறு நோக்கம், பெரிய வேலை. இங்கே நீட்டிய கிளை மட்டும் பொய்யாகத் துருத்தும், கண் உடனே கண்டுபிடிக்கும். அதே கல், அதே அளவு பெயிண்டில் பத்துமுறை எடுங்கள். தடிப்பும் அடர்த்தியும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும், ஒரு கிளைகூட அதே இடத்தில் இருக்காது. பத்தையும், குட்டைக் கிளைகளோடு, வரிசையாக மாட்டுங்கள்.