ஸ்டியரிங் இடது பக்கம் இருக்குங்ணா!

நேற்று ராத்திரி பத்தே முக்காலுக்கு வந்து விழுந்தது அந்த மெசேஜ். "அம்மணி, சைட்டு பாத்தனுங்க. நல்லாத்தான் இருக்குது. ஆனா கெத்து பத்தலீங்க." அதற்குக் கீழே ஐந்து படங்கள். ஐந்திலும் கார் தகதகவென்று மின்னுகிறது. முகம் பார்க்கலாம் போலத் தரை, மேலே நீல விளக்கு, ஓரமாக ஒருவர் கையுறை மாட்டிக்கொண்டு பாலிஷ் மெஷினோடு நிற்கிறார். முதல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கிறது.

இடது பக்கம்! மெசேஜ் அனுப்பிய அண்ணனின் கடை இருப்பது கோயம்புத்தூரில், சிங்காநல்லூர்ப் பக்கம். அங்கே வண்டி விட வருகிறவர்கள் அத்தனை பேரும் வலது பக்கம் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு வருகிறவர்கள். காரைக் கழுவி, கீறல் போக்கி, பாலிஷ் போட்டுப் புதுசு மாதிரி ஆக்குகிற அந்தக் கார் டீடெயிலிங் கடையின் சைட்டைத் திறந்ததும், ஏதோ தேசத்து இடது பக்க ஸ்டியரிங் கார் நிற்க வேண்டுமாம். இன்று காலை லைவ் போவதாகப் பேச்சு. ஆறு வாரம் உட்கார்ந்து செய்த வேலை. சின்னக் கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுக்கிற யாருக்கும் இந்தப் பத்தே முக்கால் மெசேஜின் எரிச்சலை நான் விளக்க வேண்டியதில்லை. எல்லோரும் பட்டிருப்பீர்கள்.

உடனே போன் பண்ணினேன்.

"அண்ணா, இது நம்ம கடை வண்டி இல்லீங்களே?"

"ஆமாங்க, கூகுள்ல எடுத்தனுங்க. நல்லா இருக்குதில்லீங்க?"

"ஸ்டியரிங் இடது பக்கம் இருக்குங்ணா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பார்க்கிறார் போல. அப்புறம், "ஆருங்க அதையெல்லாம் பாக்கறாங்க?" என்றார்.

யார் பார்ப்பார்களா? கார் மேல் கிறுக்குப் பிடித்தவர்கள்தான் டீடெயிலிங் கடையைத் தேடியே வருவார்கள். டயர் மாற்றினால் எந்தக் கம்பெனி, என்ன அளவு என்று கேட்கிற ஆட்கள். கதவு ஓரத்தில் மயிரிழைக் கீறல் விழுந்தால் ராத்திரி தூங்காத ஆட்கள். அவர்கள் ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்று பார்க்க மாட்டார்களா?

சொன்னேன். "சரிங்க, அப்ப படத்தைத் திருப்பிப் போடுங்க. இடது வலதாயிருமில்ல?" என்றார். ஆகும். வண்டியின் பின்னால் இருக்கிற கம்பெனிப் பெயரும் கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பிவிடும். "அந்த எழுத்தை மட்டும் மறுபடி திருப்புங்க." நம்பர் பிளேட்? "அதை மறைச்சுப்போடுங்க." மெஷினோடு நிற்கிறாரே, அவருடைய டீ-ஷர்ட்டில் வேறொரு கடையின் பெயர் இருக்கிறதே? "அந்த ஆளை எடுத்துப்போடுங்க." ஆளை எடுத்தால் மெஷின் அந்தரத்தில் நிற்கும். "அப்ப மெஷினையும் எடுத்துப்போடுங்க. அஞ்சு நிமிஷ வேலைதானுங்களே, வீட்டுலதான இருக்கறீங்க?"

வீட்டில்தான் இருக்கிறேன். வீட்டில் உட்கார்ந்துதான் வேலை செய்கிறேன். இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டாயிற்று! ஒரு படத்தில் எழுத்தைத் திருப்பி, பிளேட்டை மறைத்து, ஆளை அழித்து, அவர் நின்ற இடத்தில் தரையை வரைந்து, தரையில் விழும் அவருடைய பிம்பத்தையும் அழிப்பது ஐந்து நிமிட வேலையா? அப்படியே செய்தாலும் அது யாரோ எடுத்த படம். நம் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு புகைப்படத்தின் உரிமை எடுத்தவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கு, அவர் போன பிறகும் 60 ஆண்டு அவர் குடும்பத்துக்கு. கூகுளில் தெரிகிறது என்பதால் அது கூகுளுடையதும் இல்லை, நம்முடையதும் இல்லை. நாளைக்கு அந்த ஆள் நோட்டீஸ் அனுப்பினால் அண்ணன் யாரைக் கை காட்டுவார்? "சைட்டு பண்ணுன பொண்ணு போட்டுச்சுங்க" என்பார்.

இதில் எனக்கு வயிறு எரிகிற விஷயமே வேறு. அந்த மனிதர் வேலையில் கெட்டிக்காரர். நான் நேரில் உட்கார்ந்து பார்த்தவள். ஒன்பது வயதான கறுப்பு செடான் ஒன்று பொள்ளாச்சியிலிருந்து வந்தது. புளிய மரத்தடியில் நின்று நின்று காக்கை எச்சம் பெயின்ட்டைத் தின்று வைத்திருந்தது. போர்வெல் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்ட உப்பு, பானெட் முழுக்க வட்ட வட்டமாகப் படிந்திருந்தது. அழுக்குத் துணியால் உலரத் துடைத்த சுழிக் கீறல் வேறு, வெயில் பட்டால் சிலந்தி வலை போலத் தெரிந்தது. அண்ணன் முதலில் நுரை அடித்து ஊறவிட்டார். அப்புறம் இரண்டு பக்கெட். ஒன்றில் ஷாம்பூ, இன்னொன்றில் வெறும் தண்ணீர். ஒவ்வொரு முறையும் கையுறையை வெறும் தண்ணீரில் அலசி மண்ணை இறக்கிய பிறகுதான் ஷாம்பூவில் முக்குகிறார். பிறகு களிமண் போன்ற ஒரு கட்டியை வைத்து நீவி நீவி, கண்ணுக்குத் தெரியாத தூசியையெல்லாம் எடுத்தார். மெஷினைக் கையில் எடுக்கும் முன் ஒரு சின்னக் கருவியை இடம் இடமாக வைத்துப் பெயின்ட் கனத்தை அளந்தார். ஏன் என்று கேட்டேன். கார் பெயின்ட்டுக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் 40, 50 மைக்ரான்தான் இருக்கும், ஏ4 தாள் கனத்தில் பாதி, அதைத் தேய்த்துத் தேய்த்துத்தான் கீறலைப் போக்குகிறோம், ஒரு தடவை அதிகமாகத் தேய்த்துவிட்டால் திரும்ப வராது என்று சொன்னார். இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் டார்ச் அடித்துக் காட்டினார். அந்தக் கறுப்பில் மேலே போன மின்கம்பியை எண்ண முடிந்தது. வண்டிக்காரர் கதவைத் தொடாமல் சுற்றிச் சுற்றி வந்தார்.

இந்த வேலைதான் அவர் சைட்டில் இருக்க வேண்டும்! வேறெதற்குச் சைட்? முன்னே எப்படி இருந்தது, பின்னே எப்படி ஆனது, அவ்வளவுதான். அந்தச் செடான் படம் இருக்கிறதா என்றால் இருக்கிறது என்றார். அனுப்பினார். கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைத் திறந்து வைத்து, அந்தத் திரையைப் போனில் படம் எடுத்து, அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். படம் முழுக்க அலை அலையாகக் கோடு. "மூலப் படத்தை டாக்குமென்ட்டா அனுப்புங்கண்ணா, சாதாரணமா அனுப்புனா வாட்ஸ்அப் சுருக்கிடும்" என்று மூன்று முறை எழுதினேன். 2023-லேயே ஹெச்டி என்று ஒரு பட்டனையும் வைத்துவிட்டார்கள், அதையாவது அமுக்குங்கள் என்றேன். வந்ததெல்லாம் தேங்காய்த் துருவல் மாதிரி உதிர்ந்த படம். அதைப் போட்டுக் காட்டியதும் "ஏனுங்க மங்கலாத் தெரியுது, உங்க சைட்டு சரியில்லீங்களா?" என்று கேட்டார். டார்ச் வெளிச்சத்தில் மயிரிழைக் கீறலைக் கண்டுபிடிக்கிற கண் அது. தன் வேலையின் படம் என்று வந்தால் மட்டும் அந்தக் கண் எங்கே போகிறது?

சரி, நானே வந்து எடுக்கிறேன் என்று கேமராவோடு மூன்று முறை போனேன். காலை ஏழு மணி வெயில் சாய்வாக விழும், பெயின்ட்டின் ஆழம் நன்றாகத் தெரியும் என்பதற்காக ஐந்தரைக்கு எழுந்து பஸ் பிடித்தேன். முதல் நாள் கடை திறக்கவில்லை. இரண்டாம் நாள் வண்டியை முந்தின ராத்திரியே டெலிவரி கொடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் வண்டி இருந்தது, எடுத்தேன், பிரமாதமாக வந்தது. அதைத்தான் முகப்பில் வைத்திருந்தேன். அதைத்தான் நேற்று ராத்திரி கெத்து பத்தவில்லை என்றார்.

ஏன் பத்தவில்லை என்று விடாமல் கேட்டேன். சுற்றி வளைத்துக் கடைசியில் சொன்னார்: "பின்னாடி நம்ம சிமெண்ட் ஷீட்டுக் கூரை தெரியுதுங்க. செவுத்துல சுண்ணாம்பு பேந்து கிடக்குது. பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க?"

என்ன நினைப்பார்கள்? மேப் பார்த்துத் தேடி வருகிறவன் அந்தச் சுவரைப் பார்த்ததும் இதுதான் கடை என்று வண்டியைத் திருப்புவான். நீல விளக்கையும் பளிங்குத் தரையையும் தேடி வந்தவன் சிமெண்ட் ஷீட்டைப் பார்த்தால் அப்படியே திரும்பிப் போவான். ஏமாற்றிவிட்டான் என்று ரிவ்யூ எழுதிவிட்டுப் போவான். பதினைந்து வருடம் கை தேயத் தேயச் செய்த வேலையை, யாரோ ஒருவருடைய திருட்டுப் படத்துக்குப் பின்னால் ஒளித்து வைக்கச் சொல்கிறார். எனக்கு அழுகையே வந்தது.

இந்த ஆறு வாரத்தில் மற்றது எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். சேவை விவரத்தைப் பாமினி என்கிற பழைய எழுத்துருவில் அடித்து அனுப்பினார், என் பக்கம் திறந்தால் ஒரே ஆங்கில எழுத்துக் குவியல், மொத்தத்தையும் எங்கே திறந்தாலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடில் நானே திரும்ப அடித்தேன். 2010-ல் இதே கோயம்புத்தூரில்தான் செம்மொழி மாநாடு நடந்தது, அந்த வருடமே அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது, இன்னும் நாம் பாமினியை விடவில்லை. பெயின்ட்டைக் காக்க அதன் மேல் பூசுகிற செராமிக் கோட்டிங் 9எச், வைரம் மாதிரி உறுதி என்று எழுதச் சொன்னார். அந்த 9எச் என்பது பென்சில் கணக்கு, அந்தக் கடினத்தில் உள்ள பென்சிலால் கீறினாலும் கோடு விழாது என்று மட்டும்தான் அர்த்தம், வைரத்தின் கடினத்தை அளக்கிற அளவுகோலே வேறு என்று எடுத்துக் காட்டிய பிறகுதான் விட்டார். திறந்ததும் பாட்டோடு வீடியோ ஓட வேண்டும் என்றார். சத்தத்தோடு தானாக ஓடுகிற வீடியோவைக் குரோம் 2018-லிருந்தே பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. அதுவும் போக, சிக்னலில் நின்றுகொண்டு போனில் பார்க்கிறவனுக்குப் பக்கம் இரண்டரை நொடிக்குள் தெரிய வேண்டும் என்று கூகுளே சொல்கிறது. 38 எம்பி வீடியோவை முகப்பில் போட்டால் அவன் அடுத்த கடைக்குப் போய்விடுவான்.

விலை போடவே கூடாது என்பதில்தான் இரண்டு வாரம் போனது. "போட்டிக் கடைக்காரன் பாத்துருவானுங்க." அவனுக்கு உங்கள் விலை தெரிய வேண்டுமென்றால் ஒரு போன் போதும். விலை தெரியாமல் திரும்பிப் போகிறவன் வாடிக்கையாளன்தான். ஹேட்ச்பேக்குக்கு இதிலிருந்து, செடானுக்கு இதிலிருந்து, எஸ்யூவிக்கு இதிலிருந்து, இத்தனை நாள் ஆகும் என்று நான்கு வரி போடுங்கள், காலையில் வரும் வெட்டி போன்கள் பாதியாகும் என்று கெஞ்சினேன். நாளும் விலையும் தெரியாமல் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, "வெறும் வாஷ்தானே, ஒரு அரை மணி நேரத்துல முடியாதா?" என்று கேட்கிறவர்களைப் பார்த்து அவரே தலையில் அடித்துக்கொள்வார். எத்தனை தடவை என்னிடம் புலம்பியிருக்கிறார்! துடைக்கிற வேலைதானே என்று பேரம் பேசுகிறார்கள், இதில் இருக்கிற நுணுக்கம் ஒருத்தனுக்கும் புரியவில்லை என்று.

அதையேதான் நேற்று ராத்திரி அவரிடம் திருப்பிச் சொன்னேன். "அண்ணா, உங்ககிட்ட ஒருத்தன் வந்து அஞ்சு நிமிஷ வேலைதானேன்னு சொன்னா உங்களுக்கு எப்படி இருக்கும்?" பதில் இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். அப்புறம் மெதுவாக, "மச்சினன் பையந்தாங்க சொன்னான், இப்படிப் படம் போட்டாத்தான் ஆளுங்க வருவாங்கன்னு" என்றார். மச்சினன் பையன் பிளஸ் டூ படிக்கிறான். ஆறு வாரமும் அவன் எங்கே இருந்தான்? பாமினியைத் திருப்பி அடிக்கும்போது இருந்தானா? ஐந்தரைக்கு எழுந்து பஸ்ஸில் வந்தானா? வேலை முடிகிற ராத்திரி மட்டும் எல்லா வீட்டிலும் ஒரு மச்சினன் பையன் எங்கிருந்தோ முளைத்துவிடுகிறான்.

முடியாது என்று சொல்லிவிட்டேன். அந்தப் படங்களைப் போட மாட்டேன், நான் எடுத்த படம்தான் இருக்கும், சிமெண்ட் ஷீட்டும் தெரியும். வேறு படம் வேண்டுமென்றால் உங்கள் கடையில், உங்கள் கை செய்த வண்டியில் எடுத்த படம் கொடுங்கள், எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றித் தருகிறேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பக்கத்து அறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார்.

"சரிங் அம்மணி, காலைல சொல்றனுங்க" என்று வைத்துவிட்டார். இப்போது மணி பதினொன்றரை. இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது. பாக்கிப் பணம் பதிமூன்றாயிரம் அவரிடம் நிற்கிறது.

இதற்கு நடுவில் டெய்லர் அக்கா போன் பண்ணுகிறார், பிளவுஸ் நாளைக்குத்தான் தர முடியுமாம். கொடுத்து மூன்று வாரம் ஆகிறது! அளவு பிளவுஸ் கொடுத்தேன், துணி கொடுத்தேன், லைனிங் நானே வாங்கிக் கொடுத்தேன், போன செவ்வாய்க்கிழமை என்றார், அப்புறம் வெள்ளிக்கிழமை என்றார், இப்போது கேட்டால் ஹூக் வைக்கிற பொண்ணு ஊருக்குப் போய்விட்டதாம். நாளைக்குக் காலை ஆறு மணிக்கு அவிநாசியில் முகூர்த்தம். ஆறு மணிக்கு!