199 ரூபாய்க்கு மல்லிகை எண்ணெய், கூடவே தூக்கம் இலவசம்

எங்க அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவுல சேலைக்கும் ஊறுகாய்க்கும் அடுத்தபடியா இப்ப ஓடுற வியாபாரம் எசென்ஷியல் ஆயில், அதாவது பூ, இலையில இருந்து எடுக்கிற வாசனை எண்ணெய். "டிஃப்யூசர்ல (அறையில வாசனையைப் பரப்புற கருவி) நாலு சொட்டு விடுங்க, ராத்திரி கண்ணைச் சொக்கிட்டு வரும்"னு தினம் ஒரு ஃபார்வர்ட். எனக்கு வாசனை மேல எந்தப் பகையும் இல்லை. என் கட்டில் பக்கத்துலயும் ஒரு லாவெண்டர் பாட்டில் இருக்கு. ஆனா அதை மருந்துன்னு சொல்லி விக்கிறப்பதான் பத்திக்கிட்டு வருது.

நியாயமா பேசணும்னா, லாவெண்டர்ல சரக்கே இல்லைன்னு சொல்ல முடியாது. அதோட வாசனைக்கு முக்கியக் காரணம் லினலூல்ங்கிற பொருள். 2018ல ஜப்பானோட ககோஷிமா பல்கலைக்கழகத்துல எலிகளை இந்த வாசனையை மோந்து பார்க்க விட்டாங்க. எலிகளோட பதற்றம் குறைஞ்சுது. மோப்ப சக்தி இல்லாம பண்ணின எலிகள்கிட்ட ஒரு மாற்றமும் இல்லை. அப்ப மூக்கு வழியாத்தான் வேலை நடக்குது.

மனுஷங்க விஷயத்துல சிக்கல் என்னன்னா, மாத்திரைக்குப் பதிலா சும்மா ஒரு சர்க்கரை உருண்டையைக் கொடுத்துச் சோதிச்சுப் பார்த்துடலாம், வாசனையை எப்படி மறைக்கிறது? மோந்த உடனே "ஆஹா, தூக்க எண்ணெய்"னு மனசு தயாராகிடும். நடந்த ஆய்வுகள்ல பலதும் சின்னச் சின்ன ஆய்வுகள்தான். மனசு படபடன்னு இருக்கிற ராத்திரிக்கு இது கொஞ்சம் இதமா இருக்கும், அவ்வளவுதான் என் கணக்கு. மாசக்கணக்குல தூக்கம் வராதவங்களுக்கு முதல்ல கொடுக்க வேண்டியது தூக்கமின்மைக்கான சி.பி.டி. பயிற்சி (எண்ணத்தையும் பழக்கத்தையும் மாத்துற மனநலச் சிகிச்சை)ன்னு அமெரிக்க மருத்துவர்கள் அமைப்பு ஒண்ணு 2016லயே சொல்லிடுச்சு. மாத்திரையே அதுக்கு அப்புறம்தான்.

இப்ப குழுவுல விக்கிற அந்த "சுத்தமான மல்லிகை எசென்ஷியல் ஆயில், 10 மி.லி. 199 ரூபாய்" விஷயத்துக்கு வர்றேன். மல்லி விளையுற நிலக்கோட்டை, சத்தியமங்கலம் பக்கத்து ஆளுங்க இதைப் படிச்சா சிரிப்பாங்க. மல்லிகையை மத்த எண்ணெய் மாதிரி ஆவியில வடிக்கிறது வழக்கமில்லை, சூட்டுல வாசனை கெட்டுடும். சென்ட் ஃபேக்டரியில பூவை ஹெக்சேன்ங்கிற கரைப்பான்ல ஊறவெச்சு, மெழுகு மாதிரி ஒண்ணு எடுப்பாங்க. அதுக்குப் பேரு கான்கிரீட். அதை ஆல்கஹால்ல கரைச்சு மெழுகைப் பிரிச்சா கிடைக்கிறது அப்சல்யூட். ஒரு டன் பூவுக்குக் கான்கிரீட் மூணு கிலோ தேறினாலே பெரிசு, அப்சல்யூட் அதுல பாதிதான்.

கணக்குப் போடுங்க. முகூர்த்த நாள்ல மதுரையில மல்லி கிலோ ஆயிரத்தைத் தாண்டும், அதை விடுங்க. மலிஞ்சு கிடக்கிற நேரத்துல கிலோ 200 ரூபாய்னே வைங்க. ஒரு டன் 2 லட்சம். ஒன்றரைக் கிலோ அப்சல்யூட்டுக்கு அதை வகுத்தா, 10 கிராமுக்குப் பூ விலை மட்டுமே 1,300 ரூபாய்க்கு மேல போகுது. ஆள் கூலி, கரைப்பான், பாட்டில், கமிஷன் எல்லாம் தனி. அப்ப 199 ரூபாய்க்கு எதை ஊத்திக் கொடுக்கிறாங்க? செயற்கை சென்ட். வாசனைக்காக வாங்குறீங்கன்னா தாராளமா வாங்குங்க, ஆனா அதுல மதுரை மல்லி இருக்குன்னு நம்பாதீங்க. அந்தக் காசுக்கு நாலு நாள் தலைமாட்டுல நிஜப் பூவையே வெச்சுக்கலாம்.

லாவெண்டர்லயும் பாட்டிலோட பின்பக்கத்தைப் பாருங்க. லாவண்டுலா அங்குஸ்டிஃபோலியான்னு செடிப் பேர் போட்டிருக்கணும். லாவண்டின்ங்கிற ஒட்டுரகம் விலை குறைச்சல், கற்பூர நெடி தூக்கலா இருக்கும். நம்ம நாட்டுலயே ஜம்முவோட பதேர்வா பக்கம் விவசாயிகள் லாவெண்டர் போட்டு எண்ணெய் வடிக்கிறாங்க.

எரிச்சலோட உச்சம், "இயற்கைதானே, பக்கவிளைவே கிடையாது"ங்கிற வசனம். 2021ல அமெரிக்காவுல லாவெண்டர்-கெமோமைல் அறை ஸ்ப்ரே ஒண்ணுல மெலியாய்டோசிஸ்ங்கிற ஆபத்தான தொற்றுநோயைக் கொடுக்கிற கிருமி கலந்திருந்து, நாலு பேருக்கு நோய் வந்துச்சு. ரெண்டு பேர் செத்தாங்க, அதுல ஒண்ணு குழந்தை. அந்த ஸ்ப்ரே தயாரானது இந்தியாவுல. இன்னொண்ணு, யூகலிப்டஸ் தைலமும் கற்பூரமும் வலிப்பைத் தூண்டலாம்னு பெங்களூரு நரம்பியல் மருத்துவர்கள் தொடர்ந்து எழுதிட்டு வர்றாங்க. ஊட்டி போனா ஆளுக்கு ரெண்டு பாட்டில் தைலம் வாங்கிட்டு வர்ற கூட்டம் நாம. கைக்குழந்தை நெஞ்சுல தேய்க்கிறது, தலையணையில தெளிக்கிறது, மூடி திறந்த பாட்டிலைக் கட்டில் மேல வைக்கிறது, எல்லாத்தையும் இன்னியோட நிறுத்துங்க. எந்த எண்ணெயா இருந்தாலும் வாய்க்குள்ள போகவே கூடாது. பூனை வளர்க்கிறவங்க டீ ட்ரீ எண்ணெய் பக்கமே போகாதீங்க, பூனை உடம்புக்கு அது விஷம்.

குழுவுல ஒரு அக்கா, வீட்டுக்காரர் குறட்டை விடுறாரு, நடுராத்திரி மூச்சு முட்டி எந்திரிச்சு உக்கார்றாருன்னு டிஃப்யூசர் வாங்கி வெச்சிருக்காங்க. "அக்கா, அது ஸ்லீப் ஆப்னியாவா, தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்ற நோயா இருக்கலாம், எந்த வாசனையும் அதுக்கு உதவாது, நுரையீரல் டாக்டர்கிட்டயாவது இ.என்.டி. டாக்டர்கிட்டயாவது கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க"ன்னு தனியா மெசேஜ் போட்டேன். "இந்த பாட்டில் தீரட்டும் தம்பி"ன்னு பதில் வந்துச்சு. மாமா நம்பர் கிடைக்குமான்னு கேட்டுட்டு இருக்கேன்.