ஏசி சரி, ஹால்டிங் பணம் எங்கே?

2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளில் ஏசி கேபின் கட்டாயம், இனி டிரைவர் பற்றாக்குறை தீரும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. ஏசி நல்லதுதான்; மே மாதம் நாக்பூர் தாண்டி ஓட்டியவனுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் நாமக்கல் பக்கம் டிரைவர்களான எங்களில் பலருக்கு நடைக் கணக்கில்தான், அதாவது ஒரு டிரிப்புக்கு இவ்வளவு என்றுதான் கூலி. முன்பு இரண்டு டிரைவர், கூட ஒரு கிளீனர். இப்போது பல வண்டிகளில் ஒற்றை ஆள். தார்ப்பாய் கட்டுவதும் அவன், ராத்திரி டீசலுக்குக் காவலும் அவன். 1961 மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை என்றது. படித்தால் சிரிப்பு வரும்! லோடு இறக்காமல் பேக்டரி வாசலில் நாள்கணக்கில் நிறுத்தினால் சாப்பாடு எங்கள் கைக்காசு. அப்படிக் காத்து நிற்பதற்குச் சரக்குப் பார்ட்டி தரும் ஹால்டிங் பணமோ பெரும்பாலும் முதலாளியோடு நின்றுவிடுகிறது. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.