சீற்றத்துக்கு விலை வேண்டும்; அதை அந்தச் சுற்றிலேயே வாங்க வேண்டும்

பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாக நடிக்கும் மேசை விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் வரும் பார்பேரியன் என்னும் போர்வீரனைப் பற்றி நீண்ட நாளாக எழுத நினைத்திருந்தேன். ஏழு ஆண்டுகளாக, கதையை நடத்தும் டன்ஜன் மாஸ்டராக மேசைக்குத் தலைமை தாங்கி வருகிறேன். அந்த ஏழு ஆண்டுகளில் ஒரு பார்பேரியனாவது இல்லாத விளையாட்டு எங்களிடம் நடந்ததில்லை. சீற்றம்தான் அவனுடைய முதல் ஆயுதம். கோபம் தலைக்கேறியதும் பலம் கூடுகிறது, அடி தாங்கும் திறன் கூடுகிறது, நிதானம் போய்விடுகிறது. கதையாகச் சொல்ல இது எளிது. எண்களாக மாற்றி மற்ற வீரர்களுக்கு நிகராக நிறுத்துவதில்தான் ஒவ்வொரு பதிப்பும் தடுமாறியிருக்கிறது.

சீற்றத்தின் விலையை எப்போது வசூலிப்பது என்ற கேள்விதான் இதன் மையம் என்பது என் கருத்து. நாளைக்கு இத்தனை முறை என்று எண்ணிக்கொடுப்பதும், சண்டை முடிந்த பிறகு சோர்வு என்ற பெயரில் தண்டிப்பதும் தவறான வழிகள். ஆட்டக்காரர் பகடையைக் கையில் எடுக்கும் அந்தக் கணத்தில், எதிரே யார் நிற்கிறார்கள் என்று கண்ணால் பார்த்துக்கொண்டே செலுத்தும் விலைதான் இந்தக் கிளாஸை, அதாவது இந்த வீரர் வகையை, மற்றவற்றோடு சமன் செய்யும்.

1985இல் முதல் பதிப்புக்கான துணைநூலில் பார்பேரியன் வந்தபோது அவனுக்குச் சீற்றம் என்ற விதியே கிடையாது. பன்னிரண்டு முகப் பகடையால் கணக்கிடப்படும் உயிர்ப்புள்ளிகளும், மந்திரப் பொருள்களின் மீது வெறுப்பும், லெவல் ஏறுவதற்குத் தேவையான மிக அதிகமான அனுபவப் புள்ளிகளும் இருந்தன. சீற்றம் அவனுடைய அடையாளமாக நிலைபெற்றது 2000இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பில்தான். பலம் 4, உடல்திறன் 4 கூடும். எதிரியின் அடி படாமல் காக்கும் எண்ணான ஆர்மர் கிளாஸ் 2 குறையும். முடிந்ததும் சோர்வு வரும். பழைய ஐஸ்லாந்துக் கதைகளில் வரும் பெர்செர்கர்கள் என்ற வெறிகொண்ட வீரர்களும் வெறி தணிந்ததும் வலுவிழந்து கிடப்பவர்கள் என்பதால், கதைக்கு இது பொருந்தத்தான் செய்தது.

ஆனால் அந்த விதிக்குள் ஒரு கொடுமை ஒளிந்திருந்தது. உடல்திறன் 4 கூடினால் ஒரு லெவலுக்கு 2 வீதம் உயிர்ப்புள்ளிகள் கூடும். பத்தாம் லெவலில் அது 20. சீற்றம் அடங்கியதும் அந்த 20 புள்ளிகளும் ஒரே மூச்சில் மறைந்துவிடும். சண்டையில் வென்று, 8 புள்ளிகளோடு நின்றுகொண்டிருந்தவன், கோபம் தணிந்த அதே நொடியில் கழித்தல் 12க்குப் போவான். அந்தப் பதிப்பில் கழித்தல் 10 என்றாலே மரணம். எதிரிகள் எல்லோரும் செத்துக் கிடக்க, வென்றவனும் அவர்கள் நடுவே விழுந்து சாவது கதையில் ஒருமுறை நடந்தால் காவியம். அதையே விதியாக எழுதி வைத்தால், ஆட்டக்காரர் எதையும் தேர்வு செய்யாமலேயே தண்டனை பெறுகிறார்.

2009இல், அதே மரபில் வந்த பாத்ஃபைண்டர் என்ற விளையாட்டின் முதல் பதிப்பு சீற்றத்தைச் சுற்றுகளாக எண்ணிக்கொடுத்தது. முதல் லெவலில் நாளொன்றுக்கு 4 சுற்றுகளோடு உடல்திறனிலிருந்து வரும் போனஸ் எண். பிறகு ஒவ்வொரு லெவலுக்கும் 2 சுற்றுகள். நெகிழ்வான விதிதான். ஆனால் ஆட்டக்காரர் கோபக்காரனாக நடிப்பதை விட்டுவிட்டுக் கணக்குப்பிள்ளையாக மாறிவிடுகிறார்.

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பைத்தான் நாங்கள் அதிகம் விளையாடினோம். அதில் சீற்றம் ஒரு நிமிடம் நீடிக்கும். அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் 2 புள்ளி கூடுதல் சேதம். வெட்டு, குத்து, மோதல் என்ற மூன்று வகைச் சேதமும் பாதியாகக் குறையும். முதல் லெவலில் நாளைக்கு 2 முறை, மூன்றாம் லெவலில் 3 முறை, ஆறாம் லெவலில் 4 முறை. ஒரு சாகச நாளில் ஆறு முதல் எட்டு நடுத்தர அல்லது கடினச் சண்டைகளைக் குழு தாங்கும் என்று டன்ஜன் மாஸ்டருக்கான நூல் கணக்குப் போட்டது. ஞாயிறு மாலை மூன்று மணி நேரம் கூடுகிற எங்களைப் போன்றவர்களின் மேசையில் செலவான சீற்றங்களைத் திருப்பித் தரும் நீண்ட ஓய்வான ஒரு லாங் ரெஸ்டுக்கும் அடுத்த லாங் ரெஸ்டுக்கும் இடையே இரண்டு சண்டைகள் நடந்தாலே பெரிது. ஆகவே எங்கள் பார்பேரியன் எப்போதும் சீற்றத்திலேயே இருந்தான். ஒரே ஒருமுறை, முற்றுகையிடப்பட்ட கோட்டையில் நாள் முழுவதும் நடக்கும் சாகசத்தை வைத்தேன். மூன்றாவது சண்டைக்குப் பிறகு அதே ஆட்டக்காரர் கையில் எதுவும் மிஞ்சவில்லை. அடுத்த இரண்டு சண்டைகளில் அவர் கனத்த கவசம் இல்லாத சாதாரண வாள்வீரனாக நின்றார். அவருடைய திறமையும் தேர்வுகளும் மாறவில்லை. என் கால அட்டவணை மாறியது, அவ்வளவுதான். ஒரு வீரனின் வலிமையை டன்ஜன் மாஸ்டரின் கால அட்டவணை தீர்மானிக்கும் என்றால் அதைச் சமநிலை என்று நான் ஏற்கமாட்டேன்.

அந்தக் கோட்டை நாளில் இன்னொன்றும் நடந்தது. அவர் எடுத்திருந்தது பார்பேரியனின் உட்பிரிவுகளில் ஒன்றான பெர்செர்கர் வழி. அதில் ஃப்ரென்சி என்ற உச்சவெறி உண்டு. சீற்றத்தின்போது சுற்றுக்கு ஓர் அடி கூடுதலாக அடிக்கலாம். சீற்றம் முடிந்ததும் எக்ஸாஷன் என்னும் சோர்வு ஒரு படி ஏறும். முதல் படியில் திறன் சோதனைகள் எல்லாம் பாதிக்கப்படும், இரண்டாம் படியில் நடைவேகம் பாதியாகும், மூன்றாம் படியில் அடிப்பதே தடுமாறும், ஆறாம் படியில் மரணம். ஒரு லாங் ரெஸ்ட் எடுத்தால் ஒரு படிதான் இறங்கும். அவர் இரண்டு முறை ஃப்ரென்சியைப் பயன்படுத்தினார். கோட்டைச் சுவரில் ஏணி சாய்ந்தபோது ஓடிப்போய்ப் பிடிக்க அவரால் முடியவில்லை. பதினைந்து அடி நகர்ந்து நின்றுவிட்டார். அதற்குப் பின் வந்த ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருமுறைகூட அவர் ஃப்ரென்சியைத் தொடவில்லை. தன் கிளாஸின் மிகச் சிறந்த திறனைத் தொடவே அஞ்சும் நிலைக்கு ஓர் ஆட்டக்காரரைத் தள்ளிய விதி அது.

இனி, நான் சரி என்று நம்பும் விதிக்கு வருகிறேன். இரண்டாம் லெவலில் பார்பேரியனுக்கு ரெக்லஸ் அட்டாக் கிடைக்கிறது. தற்காப்பைக் கைவிட்டு வெறியோடு அடித்தால், அடிக்கும்போது இரண்டு பகடை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். பதிலுக்கு, அடுத்த சுற்றில் அவனுடைய முறை வரும்வரை, அவனை அடிக்கிறவர்களுக்கும் அதே சலுகை. இந்த ஒரு விதியைக் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தால் அதன் அழகு புரியும்.

இருபது முகப் பகடையில் 9 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அடி படும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பகடைக்கு 60 சதவீத வாய்ப்பு. இரண்டு பகடைக்கு 84 சதவீதம். பெரிய வாளோடு சீற்றத்தில் இருப்பவனின் ஓர் அடிக்குச் சராசரி சேதம் 13 என்றால், ஒரு வீச்சின் எதிர்பார்ப்பு 7.8இலிருந்து 10.9க்கு உயர்கிறது, லாபம் சுமார் 3. விலை என்ன? அவனுடைய ஆர்மர் கிளாஸ் 15. எதிரே நிற்கும் ஆர்க் என்ற அரக்கனுக்குத் தாக்குதல் போனஸ் 5; பகடை எண்ணோடு அதைக் கூட்டி 15ஐ எட்டினால் அடி படும். அடி பட்டால் சேதம் 10 என்று கொள்வோம். சாதாரணமாக 55 சதவீதம் படும். தற்காப்பைக் கைவிட்டால் கிட்டத்தட்ட 80 சதவீதம். சீற்றம் சேதத்தைப் பாதியாக்குவதால் எதிர்பார்ப்பு 2.75இலிருந்து 4ஆக உயர்கிறது. அதாவது ஓர் எதிரிக்கு ஒன்றேகால் புள்ளி நஷ்டம். ஒற்றை ஆர்க் எதிரே நின்றால் யோசிக்கவே வேண்டியதில்லை. ஆறு ஆர்க்குகள் சூழ்ந்துகொண்டால் அதே தேர்வுக்கு ஏழரைப் புள்ளி விலை, லாபமோ அதே 3தான். ஐந்தாம் லெவலில் இரண்டு வீச்சுகள் கிடைத்த பிறகும் 6ஐச் சற்றே தாண்டும். அப்போதுதான் ஆட்டக்காரர் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு மேசையைச் சுற்றிப் பார்க்கிறார். எத்தனை பேர் நிற்கிறார்கள், யார் ஏற்கெனவே அடிபட்டிருக்கிறார்கள், நம் மருத்துவர் எட்டும் தூரத்தில் இருக்கிறாரா என்று கணக்கிடுகிறார். அவருடைய முகத்தில் தெரியும் அந்தத் தயக்கத்துக்காகத்தான் நான் இந்த விளையாட்டை நடத்துகிறேன்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். 2014 விதிப்படி, தன் முறை முடியும்போது கடந்த சுற்றில் எதிரி எவரையும் தாக்காமலும், எந்த அடியும் வாங்காமலும் இருந்திருந்தால் சீற்றம் அணைந்துவிடும். உடைந்த பாலத்தின் மறுகரையில் வில்லாளிகள் நின்ற ஒரு சண்டையில், எங்கள் குழுவின் இளையவன் ஓடி ஓடியும் எட்டமுடியாமல் நின்றான். அம்புகளும் அவன்மேல் படவில்லை. சீற்றம் அணையப்போகிறது என்று தெரிந்ததும், "அண்ணா, என் கத்தியால நானே ஒரு கீறல் போட்டுக்கிட்டா கோபம் நிக்குமா?" என்று கேட்டான். விதிப்படி நிற்கும். நான் சம்மதித்தேன், ஆனால் மனம் ஒப்பவில்லை. எதிரியை நோக்கி வெறியோடு ஓடுகிறவனுக்குக் கோபம் ஏன் தணிய வேண்டும்?

2024இல் வந்த திருத்தப் பதிப்பு இதைச் சரியாகவே தீர்த்தது. சுற்றின் கூடுதல் சிறுசெயலான ஒரு போனஸ் ஆக்‌ஷனைச் செலவிட்டால் சீற்றம் தொடரும். பத்து நிமிடம் வரை நீட்டிக்கலாம். ஷார்ட் ரெஸ்ட் என்ற குறுகிய ஓய்வு எடுத்தால் ஒரு சீற்றம் திரும்பக் கிடைக்கும். ஃப்ரென்சியிலிருந்து எக்ஸாஷனை நீக்கிவிட்டு, ரெக்லஸ் அட்டாக் செய்யும் சுற்றில் முதலில் அடிபடுகிறவருக்கு ஆறு முகப் பகடைகளால் கூடுதல் சேதம் என்று மாற்றினார்கள். வெறியின் பலனும் விலையும் ஒரே சுற்றுக்குள் வந்துவிட்டன. நான் கேட்பதும் இதைத்தான். சீற்றத்தில் இருக்கும்போது மறைந்து நடப்பதற்கும் பலத்தைப் பயன்படுத்தலாம் என்ற விதியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. கோபத்தால் கண் சிவந்தவன் அந்தக் கோபத்தாலேயே பூனை போல நடப்பான் என்பது கதையின் உயிரைக் கெடுக்கிறது. 2019இன் பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு நேர் எதிர்த்திசையில் அளவு மீறியது. நாள் கணக்கை முற்றாக நீக்கிச் சீற்றத்துக்கு இடையே ஒரு நிமிட இடைவெளி மட்டும் வைத்தது சிறந்த முடிவு. ஆனால் மனத்தை ஒருமுகப்படுத்தும் செயல்களுக்குத் தடை விதித்ததில், எதிரியை மிரட்டுவதும் அந்தத் தடைக்குள் சிக்கியது. சீறி நிற்பவன் மிரட்டுவதற்குத் ஃபீட் என்ற தனித்திறன் ஒன்றைத் தனியாக எடுக்க வேண்டியிருந்தது.

எங்கள் மேசையில் எட்டு மாதமாக நாங்கள் வைத்திருக்கும் விதி எளியது. நாள் கணக்கு கிடையாது. சண்டைக்கு ஒருமுறை சீற்றம் கொள்ளலாம். தன் முறையில் விரும்பினால் அதைக் கைவிடலாம், ஆனால் அந்தச் சண்டையில் திரும்பப் பெற முடியாது. சீற்றத்தில் இருக்கும்வரை ரெக்லஸ் அட்டாக் கட்டாயம். ஆகவே ஆறு பேர் சூழ்ந்திருக்கும்போது சீற்றம் கொள்வதும், கொண்ட சீற்றத்தைத் தக்கவைப்பதும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முடிவாகிறது. கோட்டை நாளைப் போல ஐந்து சண்டைகள் வந்தாலும் அவன் வெறுங்கையோடு நிற்பதில்லை. ஒரே சண்டை உள்ள நாளில் முன்பைவிடச் சற்று ஆபத்தில் இருக்கிறான். ஞானம் சார்ந்த சோதனைகளில் அவனுக்கு இருக்கும் பலவீனத்தை நாங்கள் தொடவில்லை. மந்திரவாதி ஒருவன் அவனை நின்ற இடத்திலேயே உறையவைப்பது இந்தக் கிளாஸுக்கு நியாயமான எதிர்ப்பு.

முதல் இரண்டு லெவல்கள் மட்டும் இன்னும் சரியாகவில்லை. முதல் லெவலில் 15 உயிர்ப்புள்ளிகள் உள்ளவனுக்குச் சேதம் பாதியானால் அது 30 புள்ளிகளுக்குச் சமம். பக்கத்தில் நிற்கும் மந்திரவாதிக்கு 8 இருந்தாலே அதிகம். ரெக்லஸ் அட்டாக் இரண்டாம் லெவலில்தான் வருவதால் முதல் லெவலில் எங்கள் கட்டாயமும் செல்லாது. சேதத்தைப் பாதியாக்குவதற்குப் பதிலாக, ஒவ்வொரு அடியிலும் உடல்திறன் தரும் போனஸ் எண்ணை மட்டும் கழிப்பது என்று முதல் இரண்டு லெவல்களுக்கு மாற்றிப் பார்க்கப்போகிறோம். வரும் ஞாயிறு புதிய கதை தொடங்குகிறது. இளையவன் மறுபடியும் பார்பேரியனைத்தான் எடுத்திருக்கிறான்.