தற்காப்பு ஆட்டக்காரனை ஓராண்டு ஒப்பந்தத்தில் வளர்க்க முடியாது

காற்பந்துக் குழு தோற்றால் முதல் திட்டு தற்காப்பு ஆட்டக்காரனுக்கு. வென்றால் மறுநாள் நாளிதழில் கோல் அடித்தவனின் படம். ஆட்டத்தின் இயல்பு அது, அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. எனக்குக் கோபம் வருவது வேறு விஷயத்தில். நம் மலேசியக் காற்பந்துக் குழுக்கள் ஒப்பந்தம் போடும் முறையும் சம்பளம் கொடுக்கும் முறையும், தற்காப்பு ஆட்டக்காரன் தொழிலில் தேறிவரும் வயதிலேயே அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றன. பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்துகொண்டு இதை அருகிலிருந்து பார்த்துவிட்டேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

வேகமும் துணிச்சலும் உள்ள ஒரு தாக்குதல் ஆட்டக்காரன் பத்தொன்பது வயதிலேயே பெயர் வாங்கிவிடலாம். ஐந்து வாய்ப்பை வீணடித்து ஆறாவதில் கோல் போட்டால் அவனைத் தோளில் தூக்குவார்கள். நடுத் தற்காப்பில் நிற்பவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. தொண்ணூறு நிமிடமும் சரியாக ஆடிவிட்டு ஒரே ஒரு முறை கால் பிசகினால் போதும், ஆட்டம் போய்விடும். பந்து எங்கே வரும், எதிராளி எந்தப் பக்கம் திரும்புவான், எப்போது முன்னேறி அவனை ஆஃப்சைடில் (நம் பின்வரிசையைத் தாண்டி நிற்கும் தவறில்) சிக்கவைப்பது, எப்போது பின்வாங்குவது என்பதெல்லாம் ஆடி ஆடித்தான் வரும். என் கணக்கில் நல்ல நடுத் தற்காப்பு ஆட்டக்காரன் முழுமையாவது இருபத்தேழு, இருபத்தெட்டு வயதுக்கு மேல்தான். அதுவும் தனியாக அல்ல. பக்கத்தில் நிற்கும் ஜோடியோடு இரண்டு மூன்று பருவமாவது சேர்ந்து ஆடியிருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் செம்பனைக் காட்டை ஒட்டி ஒரு திடல் இருக்கிறது. முன்பு தோட்டத்துத் திடல். தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டார்கள், திடல் மட்டும் எப்படியோ தப்பித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே ஒரு தம்பி பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார். அவர் சொல்லிக்கொடுப்பதை நின்று பார்த்தால் இந்த வேலையின் நுணுக்கம் புரியும். ஒரு பையன் எதிராளிக்கு நேர் எதிரே இரண்டு கால்களையும் இணையாக ஊன்றி நிற்கிறான். தம்பி அவன் தோளைப் பிடித்து அரைவாசி திருப்புகிறார். ஒரு காலை முன்னால் வைக்கச் சொல்கிறார், முழங்காலை மடக்கச் சொல்கிறார். “அவன் காலைப் பார்க்காதே, பந்தைப் பார். அவனைக் கோட்டுப் பக்கம் போகவிடு. உள்ளே மட்டும் விடாதே” என்கிறார். பையன் அவசரப்பட்டுக் காலை நீட்டுகிறான். பந்து அவனைத் தாண்டிப் போய்விடுகிறது. “பொறு. அவன் தப்பு செய்யும்வரை பொறு” என்று மறுபடி நிறுத்துகிறார். சலிக்காமல் மறுபடி, மறுபடி.

இந்தத் தம்பி வேறொரு மாநிலத்தின் குழுவுக்கு நடுத் தற்காப்பில் ஆடியவர். ஒப்பந்தம் ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கப்படும் வகை. பருவம் முடிந்ததும், அடுத்த ஆண்டு இடம் உண்டா இல்லையா என்று தெரியாமல் மாதக்கணக்கில் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதன் பிறகு சம்பளம் தாமதமானது. தாமதம் பாக்கியானது. வாடகைக்கு அம்மாவிடம் பணம் கேட்டு வாங்கினார். அந்த அம்மா தோட்டத்தில் பால்மரம் சீவி அவரை வளர்த்தவர். அந்த நேரம் பார்த்து முழங்கால் தசைநார் கிழிந்தது. பொதுவாக அந்தக் காயத்திலிருந்து மீண்டு ஆடுவதற்கு ஒன்பது மாதம் ஆகும், சிலருக்கு அதற்கும் மேல். ஓராண்டு ஒப்பந்தத்தில் ஒன்பது மாதம் என்றால் மிச்சம் என்ன இருக்கிறது? ஒப்பந்தம் முடிந்தது, குழு அவரைக் கூப்பிடவில்லை. இன்று அவர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். உழைப்பில் இழிவு எதுவும் இல்லை. ஆனால் ஆட்டம் கனியும் வயதில் அவர் திடலில் இருந்திருக்க வேண்டும்.

பழைய காலத்தை ஏன் பேசுகிறோம் என்றால் காரணம் இருக்கிறது. 1970களில் மலேசியத் தற்காப்பு என்றாலே சோ சின் ஆன், சந்தோக் சிங் ஜோடிதான். கோல்கம்பத்தில் ஆறுமுகம். அந்தத் தலைமுறை 1974 தெஹ்ரான் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்றது. 1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கத்தில் தென்கொரியாவை 2-1 என வீழ்த்தி மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றது. அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்த நாடுகளோடு நம் நாடும் சேர்ந்ததால் போக முடியாமல் போனது தனிக்கதை. ஜேம்ஸ் வோங் அடித்த வெற்றி கோலை எல்லாரும் சொல்வார்கள். கொரியர்களைத் தடுத்து நிறுத்திய பின்வரிசையை எத்தனை பேர் சொல்கிறார்கள்? அதற்கும் முன்னால் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் நம் தற்காப்பில் எம். சந்திரன் இருந்தார். அமெரிக்காவை 3-0 என வென்ற குழு அது.

அவர்கள் காலத்தில் காற்பந்து முழுநேரத் தொழில் அல்ல. ஆட்டக்காரர்கள் வங்கியிலோ அரசாங்க இலாகாவிலோ நிறுவனத்திலோ வேலையில் இருந்தார்கள். மாதம் பிறந்தால் சம்பளம் வந்தது. அந்த நிம்மதி இருந்ததால்தான் ஒரே ஜோடி ஆண்டுக்கணக்கில் சேர்ந்து நிற்க முடிந்தது என்பது என் உறுதியான எண்ணம்.

1989இல் அரைத் தொழில்முறை லீக் வந்தது. 1994இல் முழுத் தொழில்முறை என்றார்கள். அதே காலகட்டத்தில்தான் ஆட்டங்களை விலைபேசிய ஊழல் வெடித்தது. 21 பேர் நீக்கப்பட்டார்கள், 58 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். தவறு செய்தவர்களுக்காக நான் வாதாடப் போவதில்லை. ஆனால் சம்பளம் வராத ஆட்டக்காரனைத்தான் சூதாட்டத் தரகன் முதலில் தேடிப் போவான் என்பதைக் குழு நிர்வாகங்கள் அன்றும் யோசிக்கவில்லை, இன்றும் யோசிப்பதாகத் தெரியவில்லை.

உலகக் காற்பந்துச் சம்மேளனமான ஃபிஃபாவின் விதியில் ஆட்டக்காரனுக்குப் பாதுகாப்பு இருக்கிறது. இரண்டு மாதச் சம்பளம் பாக்கி விழுந்தால், 15 நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் கேட்டுவிட்டு, அவன் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். 2018 முதல் இது நடைமுறையில் உள்ளது. முறித்துக்கொண்டு எங்கே போவது? பருவத்தின் நடுவில் எந்தக் குழு உள்ளூர்த் தற்காப்பு ஆட்டக்காரனைத் தேடுகிறது? அந்த இடத்துக்குப் பெரும்பாலும் வெளிநாட்டவரைத்தான் கொண்டுவருகிறார்கள். ஆகவே பையன் பல்லைக் கடித்துக்கொண்டு, “அடுத்த மாதம் வந்துவிடும்” என்ற வாக்குறுதியில் ஆடிக்கொண்டிருக்கிறான்.

குழுவே நிலைக்காதபோது ஆட்டக்காரன் எப்படி நிலைப்பான்? 2018இல் மலேசியக் கிண்ணத்தை வென்ற எங்கள் பேராக், 2025இல் நாட்டின் முதல்நிலைப் போட்டியான சூப்பர் லீக்கிலிருந்தே விலகிக்கொண்டது. அதே ஆண்டு கெடா குழுவுக்கு லீக்கில் ஆடும் உரிமம் கிடைக்கவில்லை. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கமான மீஃபா வழி வளர்ந்து, பயிற்றுநர் பி. மணியத்தின் கையில் உள்ளூர்ப் பிள்ளைகளை நம்பி ஆடிய பெட்டாலிங் ஜெயா சிட்டி, 2022 பருவத்தோடு முடிந்தது. நம் பிள்ளைகளுக்கு அது பெரிய வாசலாக இருந்தது. அது மூடியபோது நம் சமூகம் இன்னும் உரக்கக் குரல் எழுப்பியிருக்க வேண்டும்.

“திறமை இருந்தால் யாராலும் தடுக்க முடியாது” என்று சிலர் சொல்வார்கள். எஸ். குணாளனைக் காட்டுவார்கள். நானும் அவரைத்தான் காட்டுகிறேன். ஓரத்தில் தாக்குதல் ஆடியவர், ஜொகூர் டாருல் தக்சிம் குழுவில் வலப்புறத் தற்காப்பு ஆட்டக்காரராகவும் மாறினார். அப்படி இடம் மாறிக் கற்றுக்கொள்ளக் காலம் வேண்டும். நிலையான ஒரு குழு அவருக்கு அந்தக் காலத்தைக் கொடுத்தது. அவருடைய திறமையை நான் குறைக்கவில்லை. அதே அவகாசம் கிடைத்திருந்தால் இன்னும் பல குணாளன்கள் வந்திருப்பார்கள் என்கிறேன்.

எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒரு பதினெட்டு வயதுப் பையனுக்கு இப்போது ஒரு குழுவிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. அவனும் நடுத் தற்காப்புதான். கோயில் கமிட்டியில் மாலை போட்டுப் பாராட்டப் போகிறார்களாம், நல்லது. ஆனால் அதற்கு முன்னால் கமிட்டியில் இருக்கும் படித்தவர்கள் அந்த ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்துப் பார்க்க வேண்டும். இரண்டு ஆண்டுக்குக் குறைவாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். இபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி) கட்டுவார்களா, காயம் பட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது, ஒப்பந்தம் முடிந்த பிறகும் சிகிச்சை தொடருமா என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல் வேண்டாம். தொழில்முறை ஆட்டக்காரர் சங்கத்தில் முதல் மாதமே பையனைச் சேர்த்துவிடுங்கள். பாக்கி விழுந்த பிறகு ஓடாதீர்கள். கையெழுத்துப் போடும் நாளில் அப்பாவோ மாமாவோ யாராவது ஒருவர் கூடப் போய் உட்காருங்கள். பதினெட்டு வயதுப் பிள்ளை அங்கே தனியாகக் கேள்வி கேட்க மாட்டான். மேற்கொண்டு விளக்கம் வேண்டுமானால், லோரி ஓட்டும் அந்தத் தம்பி தாமே வந்து உட்கார்ந்து படித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பையனின் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.