காகிதத்துக்குப் பெயர் இருக்கிறது

புகைப்படக் கண்காட்சியில் ஒரு பெண்ணைக் காவலர் தடுத்த அந்தக் காணொளியைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டு இருந்தேன். நேற்று இரவு கண்காட்சி அமைப்பாளர்களின் விளக்க அறிக்கையைப் படித்த பிறகு முடியவில்லை. "கலைப்படைப்பின் பாதுகாப்பு கருதி" என்று ஆரம்பித்து, "சிறிய புரிதல் குறைபாடு" என்று முடித்திருக்கிறார்கள். அது நடந்தபோது நான் அதே அறையில்தான் இருந்தேன். யாருக்கு எது புரியவில்லை என்பதை நான் சொல்கிறேன்.

நீங்கள் எல்லாரும் பார்த்த காணொளியில் ஒரு பெண் படத்தை நோக்கிக் கையை நீட்டுகிறார். காவலர் ஓடி வந்து தடுக்கிறார். அந்தப் பெண் ஏதோ சொல்ல வாயெடுக்கிறார், அதோடு முடிந்துவிடுகிறது. அதற்கு முன்னால் ஐந்து நிமிடம் அவர் கைகளைக் கட்டிக்கொண்டு, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் அந்தப் படத்தின் முன்னால் நின்றிருந்தார். அதை யாரும் படம்பிடிக்கவில்லை. பக்கத்தில் நின்ற என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "இது நான்தான்மா."

நான்தான் கேட்டேன், "எங்கேக்கா எடுத்தது?" என்று. அதைக் காட்டத்தான் கையை நீட்டினார். மேம்பாலத்துக்குக் கீழே, கொட்டுகிற மழையில், கண்ணை மூடி முகத்தைச் சற்று உயர்த்தியபடி அவர் நிற்கிற படம். முந்தானைக்குள் ஏதோ தட்டையாக ஒரு பொருள், ஒரு மூலை மட்டும் வெளியே தெரிகிறது. "அது எக்ஸ்ரே கவர். எம் பையனோடது. நனைஞ்சிரக் கூடாதுன்னு உள்ள வெச்சிருந்தேன்" என்று அந்த மூலையைத்தான் சுட்டினார். விரலுக்கும் படத்துக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தது. அதற்குள் காவலர் வந்துவிட்டார். காவலரைக் குறை சொல்ல மாட்டேன். யாரும் தொடக் கூடாது என்று அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள், அவர் தன் வேலையைச் செய்தார்.

எனக்குக் கோபம் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த சீட்டின் மேல். உள்ளங்கை அளவு வெள்ளை அட்டை. நாளைக்கு மாற்றிவிடுவார்கள் என்று நினைத்து அதைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். முதல் வரி, தொடரின் பெயரும் எண்ணும். இரண்டாவது வரி, படமெடுத்தவர் பெயர். மூன்றாவது, ஆர்க்கைவல் பிக்மென்ட் பிரிண்ட், அதாவது நாள்பட மங்காத அச்சு. நான்காவது, அச்சிட்ட காகிதம்: ஹானமூலே ஃபோட்டோ ராக், 308 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம். ஐந்தாவது, பத்துப் பிரதிகளில் மூன்றாவது. அப்புறம் ஒரு குட்டி விளக்கம்: "மழையைக் கொண்டாடும் நகரத்துப் பெண்."

காகிதத்துக்குப் பெயர் இருக்கிறது. அதன் எடைகூட இருக்கிறது. அந்த அக்காவுக்குப் பெயர் இல்லை. அவர் மழையைக் கொண்டாடவும் இல்லை. ஒரு வாய் வார்த்தை கேட்டிருந்தால் அது தெரிந்திருக்கும்.

நான் சொல்ல வருவது இது ஒன்றுதான். ஒரு மனிதரின் முகத்தை மூன்றடிக்கு அச்சிட்டுச் சுவரில் மாட்டுகிறீர்கள் என்றால், அவர் பெயரையும் அந்தச் சுவரில் எழுதுங்கள். தெரியாவிட்டால் தேடுங்கள். அவருக்குச் சொல்லி அனுப்புங்கள். அவர் வந்தால் உட்கார நாற்காலி போடுங்கள்.

உடனே சிலர் வருவார்கள், தெருவில் படமெடுப்பது என்றால் என்னவென்று தெரியாமல் பேசுகிறாள் என்று. பதினான்கு வருடமாகத் தெருவில்தான் எடுக்கிறேன். முன்கூட்டியே கேட்டால் அந்தக் கணம் போய்விடும், ஒத்துக்கொள்கிறேன். எடுத்த பிறகு கேட்பதற்கு என்ன? கணம்தான் பெட்டிக்குள் வந்துவிட்டதே. "உங்களை ஒரு படம் எடுத்தேன், பாருங்க, உங்க பேர் என்ன?" இதைக் கேட்க அரை நிமிடம் போதும். அதே படத்தின் நிறத்தைச் சரிசெய்ய கணினி முன்னால் நான்கு மணி நேரம் உட்காருகிறோம்.

என் கையும் சுத்தம் இல்லை. எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கூட்டுக் கண்காட்சியில் என்னுடைய பன்னிரண்டு படங்கள் இருந்தன. அதில் ஒன்பது பேரின் பெயர் எனக்குத் தெரியாது. 'வயோதிகம்', 'காத்திருப்பு' என்றெல்லாம் தலைப்பு வைத்திருந்தேன். அதற்குப் பிறகுதான் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன். பெயர், தேதி, எங்கே போனால் இவரைப் பார்க்கலாம் என்று ஒரு வரி. கேட்டால் எல்லாரும் சொல்லிவிடுவதில்லை. சிலர் மறுத்திருக்கிறார்கள், ஒருவர் திட்டியிருக்கிறார். அந்தப் படங்களை நான் காட்டுவதில்லை. ஆனால் பெரும்பாலானவர்கள் சொல்கிறார்கள். சொல்லிவிட்டு, நான் எழுதுவதை எட்டிப் பார்க்கிறார்கள், எழுத்துப்பிழை இருக்கிறதா என்று.

பெயர் கேட்காத இந்த வியாதி இன்று நேற்று வந்ததில்லை. அமெரிக்கப் புகைப்படக்காரர் டொரோதியா லாங் 1936-இல் கலிபோர்னியாவில் எடுத்த 'புலம்பெயர்ந்த தாய்' படம் தெரியாதவர்கள் நம்மில் யாரும் இருக்க மாட்டீர்கள். கன்னத்தில் கை, இரண்டு பக்கமும் முகத்தைத் திருப்பிக்கொண்ட குழந்தைகள். எத்தனை சுவர்களில் தொங்கியது, எத்தனை புத்தகங்களில் வந்தது! அந்தத் தாயின் பெயர் ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று உலகத்துக்குத் தெரிந்தது 1978-இல். நாற்பத்திரண்டு வருடம். தன்னுடைய பெயரைக்கூடக் கேட்கவில்லை, அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசு வந்ததில்லை என்று அந்த அம்மா மனம் வெதும்பிச் சொன்னது பதிவாகியிருக்கிறது. லாங் அப்போது அரசாங்கச் சம்பளத்தில் எடுத்தார், அவருக்கும் அந்தப் படத்தால் உரிமைத்தொகை வரவில்லை என்பது உண்மை. ஆனால் பேர் வந்தது.

1984-இல் ஸ்டீவ் மெக்கரி எடுத்த பச்சைக் கண் ஆப்கானியச் சிறுமியும் அப்படித்தான். அடுத்த வருடம் நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழின் அட்டையில் வந்தாள். ஷர்பத் குலா என்ற பெயர் வெளியே வந்தது 2002-இல். அதுவரை உலகம் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'ஆப்கானியச் சிறுமி'.

இன்னும் பின்னால் போனால், பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரிட்டிஷ் புகைப்படக்காரர் ஜூலியா மார்கரெட் கேமரன். இங்கிலாந்தில் அவர் எடுத்தபோது படத்துக்குக் கீழே கவிஞர் டென்னிசன், வானியலாளர் ஹெர்ஷல், டார்வின் என்று பெயர்கள். 1875-இல் இலங்கைக்கு வந்து, தோட்டங்களில் வேலை செய்தவர்களையும் ஊர் மக்களையும் எடுத்தார். அந்த முகங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பெயர் இல்லை. களுத்துறைக் குடியானவர்கள் என்று ஒரு தலைப்பு, அவ்வளவுதான். அதே கேமரா, அதே கை. அங்கே பெயர் எழுதத் தெரிந்த கைக்கு இங்கே எழுதத் தெரியவில்லையா? எழுத வேண்டும் என்று தோன்றவில்லை.

பெயர் போட்டால் படம் வெறும் ஆவணமாகிவிடும், பெயர் இல்லாதபோதுதான் அது எல்லாருக்குமான படமாக ஆகிறது என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். மதிப்புக்குரியவர், அதனால் பதில் சொல்கிறேன். அமெரிக்கப் புகைப்படக்காரர் ரிச்சர்ட் அவெடன் 1979 முதல் 1984 வரை அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் எடுத்த படங்களைப் பாருங்கள். உடம்பெல்லாம் தேனீ மொய்க்க நிற்கிறாரே ஒருவர், அந்தப் படத்தின் தலைப்பே "ரொனால்ட் ஃபிஷர், தேனீ வளர்ப்பவர், டேவிஸ், கலிபோர்னியா, மே 9, 1981" என்பதுதான். பெயர், தொழில், ஊர், தேதி. அதனால் அந்தப் படம் எந்த விதத்தில் குறைந்துபோனது? தேனீயைப் பார்த்து வந்த நடுக்கம் தலைப்பைப் படித்ததும் போய்விட்டதா?

சட்டப்படி தவறில்லை என்கிறார்கள். தவறில்லைதான். நியூயார்க்கில் பிலிப்-லோர்கா டிகோர்சியா என்ற புகைப்படக்காரர் டைம்ஸ் சதுக்கத்தில் மறைவாக விளக்குகளைப் பொருத்தி, தூரத்தில் இருந்துகொண்டு நடந்துபோகிறவர்களின் தலைகளை எடுத்தார். அதில் ஒருவர், எர்னோ நுசென்ஸ்வைக் என்ற முதியவர், தன் படம் கேலரியில் விற்கப்பட்டது வருடங்கள் கழித்துத் தெரியவந்து 2005-இல் வழக்குப் போட்டார். படமெடுத்து வைப்பது தன் மத நம்பிக்கைக்கு விரோதம் என்றார். 2006-இல் வழக்கு தள்ளுபடியானது, அது கலை என்று சொல்லி. தீர்ப்பைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை. ஆனால் நாம் சக மனிதரிடம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதை நீதிமன்றம் விட்டுவைத்த எல்லை வரைக்கும்தான் யோசிப்பேன் என்றால், அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை.

ஒரு ஆட்சேபம் மட்டும் நியாயமானது. பெயர் போட்டால் ஆபத்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். அகதிகள், குழந்தைகள், வன்முறையிலிருந்து தப்பி வந்தவர்கள். அவர்களுக்குப் போட வேண்டாம். "அவர் கேட்டுக்கொண்டதால் பெயர் தவிர்க்கப்பட்டது" என்று ஒரு வரி எழுதுங்கள், அதுவும் அவரைக் கேட்டதற்கு அத்தாட்சி. கூட்டத்தில் நூறு தலை இருந்தால் என்ன செய்வது என்கிறவர்களுக்கு: நான் நூறு தலையைப் பற்றிப் பேசவில்லை.

என் படங்களை அந்தக் கண்காட்சிக்கு எடுத்துக்கொள்ளவில்லை, அந்த வயிற்றெரிச்சல்தான் என்று எழுதியவருக்கும் சொல்லிவிடுகிறேன். நான் அனுப்பவே இல்லை. எனக்கு எரிவது வேறு இடம்.

என் அப்பா லாரிகளில் மூட்டை ஏற்றி இறக்கியவர். கல்லூரி இரண்டாம் வருடம் எங்களை ஒரு புகைப்படக் கண்காட்சிக்குக் கூட்டிப் போனார்கள். வரிசையாகப் பார்த்துக்கொண்டே போன நான் ஒரு படத்தின் முன்னால் நின்றுவிட்டேன். குனிந்த முதுகு, அதன்மேல் மூட்டை, முகம் தெரியாது. இடது காதுக்குப் பின்னால் புளியங்கொட்டை அளவில் ஒரு தழும்பு. சின்ன வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து போகும்போது நான் விரலால் தடவிக்கொண்டே போகிற தழும்பு அது. படத்தின் தலைப்பு 'சுமை'. "எவ்ளோ வலி இருக்கு பாரு இந்தப் படத்துல" என்றாள் கூட வந்தவள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அது எங்கள் அப்பா என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் பெயர் அங்கே எழுதியிருந்தால் அந்த வெட்கம் வந்திருக்காது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். தப்பாகக்கூட இருக்கலாம். ஆனால் அப்படித்தான் நினைக்கிறேன்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அப்பா கேட்ட ஒரே கேள்வி: "நல்லா விழுந்திருக்கா?" பார்க்க வேண்டும் என்றார். அவருக்கு வேலை இல்லாத ஒரு நாள் வாய்க்க ஒன்றரை வாரம் ஆனது. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். நாங்கள் போனபோது கண்காட்சி முடிந்து, படங்களை இறக்கிச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வண்டியில் ஏற்ற ஆள் போதவில்லை. அப்பா தன் பாட்டுக்குப் போய்க் கை கொடுத்தார். எந்தக் கட்டுக்குள் தான் இருக்கிறோம் என்று தெரியாமலேதான் ஏற்றிவிட்டு வந்தார். படமெடுத்தவர் யாரென்று எனக்குத் தெரியும். இங்கே சொல்லப் போவதில்லை. அப்பாவின் பெயர் அவருக்குத் தெரியாது. என் பெயருக்கு முன்னால் நிற்கிறதே ஓர் எழுத்து, அதுதான் அப்பா.

இந்த நகரத்தில் புகைப்படக் கண்காட்சி என்றால் யார் வருகிறோம்? நீங்கள், நான், நமக்குத் தெரிந்த அதே இருநூறு பேர். திறப்பு விழாவுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது, வருடக்கணக்காக மாறாத பட்டியல். சுவரில் இருப்பவர்களோ கூட்டுகிறவர்கள், சுமக்கிறவர்கள், மழையில் பேருந்துக்கு நிற்கிறவர்கள். 1955-இல் நியூயார்க்கில் புகைப்படக்காரர் எட்வர்ட் ஸ்டைக்கன் ஒரு கண்காட்சிக்கு மனிதக் குடும்பம் என்று பெயர் சூட்டி 68 நாடுகளிலிருந்து 503 படங்களைத் தொங்கவிட்டார். குடும்பம் என்ற சொல் எனக்குப் பிடித்த சொல். வீட்டுச் சுவரில் மாட்டுகிற குடும்பப் படத்தில் யாருக்காவது பெயர் தெரியாமல் இருக்குமா? ஒரு பாட்டியைக் கூப்பிட்டு நிறுத்தினால் வரிசையாகச் சொல்லிவிடுவாள், இது இன்னார், இது இன்னார் என்று. குடும்பம் என்றால் அதைச் செய்யுங்கள். இல்லையென்றால் அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள். பத்துப் பிரதியில் மூன்றாவது விற்றுப்போனதா என்று எனக்குத் தெரியாது. விற்றிருந்தால் அதில் ஒரு பிரிண்டாவது, சாதாரணக் காகிதத்திலாவது, அந்த அக்கா வீட்டுக்குப் போக வேண்டாமா?

காவலர் விலக்கிவிட்ட பிறகு அவர் அழவில்லை, சத்தம் போடவில்லை. காணொளிக்குக் கீழே எழுதியவர்கள் சொல்வதுபோல் ரகளை எதுவும் நடக்கவில்லை. வெளியே வரும்போது என்னிடம் கேட்டார், "அந்தச் சீட்டுல என்னம்மா எழுதியிருக்கு?" கைபேசியில் எடுத்திருந்ததைப் பார்த்து வரிவரியாகப் படித்துக் காட்டினேன். காகிதத்தின் பெயர் வரைக்கும் படித்தேன். படித்து முடித்த பிறகும் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது என்று.

அவர் பெயரைக் கேட்டேன், சொன்னார். இங்கே எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "அங்க எழுதட்டும்மா மொதல்ல" என்றார். அதனால் எழுதவில்லை.

கண்காட்சி வரும் ஞாயிறு வரைக்கும் இருக்கிறது. சனிக்கிழமை காலையில் கதவு திறக்கும்போது அவரோடும் அவர் பையனோடும் நான் உள்ளே போகிறேன். அமைப்பாளர்களுக்கு எழுதிவிட்டேன், பெயரைச் சரியான எழுத்தோடு அனுப்பியிருக்கிறேன். இதை எழுதும்வரை பதில் வரவில்லை. வருகிறவர்கள் வாருங்கள்.